வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. தொலைநோக்கியின் தாங்கி பழுதுபார்க்கப்பட்டது. நூலகப் புத்தகங்கள் சில இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கின்றன என்பது அவரவருக்குத் தெரியும். சரி, ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன்.

கருந்துளையும் அதற்குத் தன் வாயுவை இழக்கும் விண்மீனும் சேர்ந்த கருந்துளை இரட்டைகள் வெடித்தெழும்போது, அதாவது திடீரென்று பலமடங்கு ஒளிரும்போது, வேடிக்கை பார்க்க எல்லோரும் வருவார்கள். அடங்கும்போது ஆள் இருக்காது. வி404 சிக்னி என்ற இரட்டை 1938, 1956, 1989, 2015 என வெடித்தது. நடுவில் பல ஆண்டுகள் அடங்கியே கிடந்தது. அதனால் இம்முறை வெடிப்பு தணியும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். 2018 மார்ச்சில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் மாக்ஸி என்ற எக்ஸ்-கதிர் கருவி கண்டுபிடித்த ஜே1820+070 என்ற இரட்டையைத் தேர்ந்தெடுத்து, பொதுவில் கிடைக்கும் எக்ஸ்-கதிர் அளவீடுகளைக் கையாலேயே வரைந்தோம்.

முதல் வரைபடம் வீண். சாதாரணக் கட்டத்தாளில் உச்சத்தை மேல்கோட்டில் வைத்ததால், வால் முழுக்க அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டது. அதன் கீழே பென்சிலால் ‘முடிந்தது’ என்று எழுதியது நான்தான். அப்புறம் மூத்த உறுப்பினர் ஒருவர், ஒவ்வொரு படிக்கும் அளவு பத்து மடங்காகும் லாக் தாள் கொண்டுவந்தார். 2019 மார்ச், ஆகஸ்ட், 2020 பிப்ரவரி என ஜே1820 மறுபடி மறுபடி தலைதூக்கியது அதில்தான் கண்ணில் பட்டது. என் பென்சில் எழுத்தை அழிக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று, ஏறிய வழியே இது இறங்குவதில்லை. ஏறும்போது, கருந்துளையை ஒட்டிய சூடான, அடர்த்தி குறைந்த வாயுவின் கடின (ஆற்றல் மிகுந்த) எக்ஸ்-கதிர் மேலோங்கிய நிலையிலேயே வெகு உயரம் போகும். பிறகுதான் கருந்துளையைச் சுற்றும் வாயுவட்டின் மென்கதிர் (ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிர்) மேலோங்கும். இறங்கும்போதோ, ஒளியின் அழுத்தம் ஈர்ப்பைச் சமன்செய்யும் உச்ச ஒளியளவான எடிங்டன் வரம்பில், பெரும்பாலும் வெறும் 1 முதல் 4 சதவீதமாக ஒளி குறைந்த பிறகே கடின நிலைக்குத் திரும்பும். ஜே1820, 2018 ஜூலையில் மென்நிலைக்குப் போய், செப்டம்பர் கடைசியில் திரும்பத் தொடங்கியது. இந்தத் திருப்பத்தில், கருந்துளையருகிலிருந்து பீய்ச்சியடித்து ரேடியோ அலை வீசும், அதுவரை அணைந்துகிடந்த தாரையும் உயிர்பெறும்.

மேலும் மங்க மங்க, நிறமாலை மீண்டும் சற்று மென்மையாகும். ஆற்றல் கூடக்கூடக் கதிர் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காட்டும் அதன் சரிவு எண், 1.7 அளவிலிருந்து 2.1 பக்கம் போய் நின்றுவிடும். ஆண்டின் சூடான வாக்குவாதம் இதில்தான். வட்டு உள்ளே திரும்பிவிட்டது என்றார் ஒருவர். இல்லை, அவ்வளவு மங்கலில் வட்டின் உள்விளிம்பு விலகியே இருக்கும். விழுகிற வாயு வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிராக விடாமல் உள்ளே கொண்டுபோய்விடும் என்று மற்றவர்கள் மடக்கினார்கள். எஞ்சும் கதிர் அந்த வாயுவினுடையதா தாரையினுடையதா என்பதில் ஆய்வாளர்களே ஒன்றுபடவில்லை. நாமும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

அடுத்த ஆண்டு, 1917, 1975 ஆண்டுகளில் வெடித்து இப்போது அடங்கிக் கிடக்கும் ஏ0620-00 என்ற இரட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். மாக்ஸியின் கண்ணுக்கு எட்டாத மங்கல் அது; சந்திரா என்ற விண்வெளி எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் தரவைத்தான் நாடவேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். லாக் தாள் ஒரு கட்டு வாங்க ஒப்புதல் கோருகிறேன். அப்படியே அந்தப் புத்தகங்களும்.

செயலாளர்