பெயருக்குப் பின்னால்

ஐயா,

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன் நான். போன வாரம் ஒரு பட்டதாரி இளைஞர் தன் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரியாகத் தாத்தாவின் பழைய பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பெயருக்கும் சாதிப் பட்டம் இல்லை. இவரோ எல்லாருக்கும் போடச் சொன்னார், மறைந்த தாத்தாவுக்கும் சேர்த்து! "அவர் போட்டுக்கொள்ளவில்லையே, தம்பி?" என்றேன். "அவருக்கு விவரம் போதாது, சார்" என்றார்.

அந்தத் தாத்தாக்களைச் சட்டம் எதுவும் மிரட்டவில்லை. 1927 இறுதியில் 'குடிஅரசு' ஏட்டில் ஆசிரியர் ஈ.வெ.ராமசாமியின் பெயரிலிருந்து 'நாயக்கர்' உதிர்ந்தது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பட்டங்களைக் கைவிடும்படி தீர்மானம் போட்டது. பிறகு மேடைக்கு மேடை வாதமும் கேலியும்தான். போட்டுக்கொள்ளவே கூச்சம் வரும்வரை விடவில்லை.

இன்று அந்தக் கேலியைச் செய்ய ஆளில்லை. ஃபிளெக்ஸ் பேனர்கள் மறுபாடம் நடத்துகின்றன. பத்திரிகைகளும், உங்களுடையது உட்பட, இரங்கல் விளம்பரங்களில் கொடுத்ததை அப்படியே அச்சிடுகின்றன. நான் மட்டும் யோக்கியனா? 'திருமணப் பத்திரிகை'யில் விடுபட்டிருந்த 'ப்'பைச் சேர்த்தேன். பட்டங்களில் எழுத்துப்பிழை இல்லை. கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

- ஒரு மெய்ப்புத் திருத்துநர், விருதுநகர்