விவாகரத்து வழக்குகளை மறுத்த நீதிபதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண் நீதிபதிகளைப் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையில் ஃபுளோரன்ஸ் ஆலனுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது: அமெரிக்காவில் மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண், ஒஹாயோ, 1922. தகவலில் பிழையில்லை. ஆனால் முப்பத்தோரு ஆண்டுகளாக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடும் எனக்கு மனம் ஆறவில்லை.

பெர்லினில் பியானோ பயின்றவர் அவர். கை நரம்பு பாதிக்கப்பட்டதால் அந்தக் கனவு போயிற்று. கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்றில் இசை விமர்சனம் எழுதினார். பிறகு சட்டம் படித்து 1913-இல் பட்டம் பெற்றார். கிழக்கு கிளீவ்லாந்துப் பெண்களின் நகராட்சி வாக்குரிமைக்காக 1917-இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றார். ஐந்தே ஆண்டில் அதே மன்றத்தின் நீதிபதியாக மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே நீதிபதி பதவிக்கும் தேர்தல் உண்டு. 1928-இல் மறுபடியும் வென்றார். 1934-இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1920-இல் கிளீவ்லாந்தில் விசாரணை நீதிமன்ற நீதிபதியாகத் தேர்வானபோது, விவாகரத்து வழக்குகளை அவர் தலையில் கட்ட உடனிருந்த ஆண் நீதிபதிகள் முனைந்தார்கள். முடியாது என்றுவிட்டார். மற்ற நீதிபதிகளைப் போலவே கொலை வழக்குகளையும் விசாரித்தார்.

நான் ஜூனியராகச் சேர்ந்த அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கே சீனியரின் மேசையில் கேஸ் கட்டுகள் இரண்டு அடுக்காக இருக்கும். சொத்து, கொலை, காசோலை மோசடி ஒரு பக்கம். ஜீவனாம்சமும் விவாகரத்தும் இன்னொரு பக்கம். இரண்டாவது அடுக்கை என் பக்கம் தள்ளிவிட்டு, "பெண்கள் உன்னிடம்தானம்மா மனம்விட்டுப் பேசுவார்கள்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதனாலேயே மறுக்க நா எழவில்லை. ஜீவனாம்ச வழக்கு தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. வாய்தா வாய்தாவாக அலைந்த எத்தனையோ தாய்மாருக்கு உத்தரவு வாங்கித் தந்திருக்கிறேன். ஆனால் ஒரு கொலை வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. என்னோடு சேர்ந்த ஆண் ஜூனியருக்கு ஏழே மாதம்.

அடுத்த முறை பெண் நீதிபதிகளைப் பற்றி எழுதும்போது, அவர்கள் பதவியேற்ற ஆண்டோடு, அவர்களுக்கு முதலில் எந்த வழக்குகள் ஒதுக்கப்பட்டன என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெண் வழக்கறிஞர், திருநெல்வேலி