இந்தக் கோடையில் வரைந்ததும் வரையாததும்

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "பையனுக்கு லீவு விட்டால் என் வேலை அப்படியே நின்றுவிடும் அம்மா, எடுத்த புத்தகத்தை எப்படி முடிக்கப்போகிறேனோ" என்றாய். அந்த நேரத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு யோசனை ஓடும் என்பது உனக்குத் தெரியும். அண்ணன் பிள்ளைகள் லீவு முடிந்து கிளம்பிப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. சாவகாசமாக எழுதுகிறேன், நீயும் சாவகாசமாகப் படி.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். லீவில் மேசை வேலை குறையத்தான் செய்யும். குறையட்டும். குழந்தைகளுக்குப் படம் போடுகிறவளுக்குக் கோடையில் வேறொரு வேலை நடக்கிறது, அது மேசை முன்னால் உட்கார்ந்தால் நடக்காது. அதற்காக, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற இடத்தையெல்லாம் உன் புத்தகத்துக்கான குறிப்பு எடுக்கும் இடமாக ஆக்கிவிடவும் கூடாது. அது பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். அம்மா இங்கே இருக்கிறாள், ஆனால் நம்மோடு இல்லை என்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இந்தக் கோடையை ஓட்டினேன்.

மிருகக்காட்சி சாலைக்குப் போன நாளை முதலில் சொல்ல வேண்டும். சின்னவன் தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குரங்குகளைப் பார்க்க ஓடிவிட்டான். பெரியவள் பூநாரைகள் இருக்கும் குட்டையைப் பார்த்ததும் நின்றாள். கம்பி வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம், "பாட்டி, இதுக்கு மட்டும் ஏன் முட்டி பின்பக்கமா மடங்குது?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. பெஞ்சில் உட்காரவைத்து நோட்டைக் கொடுத்தேன். "காலை மட்டும் வரை, உடம்பு வேண்டாம்" என்றேன். அவள் வரைந்தாள், முட்டியை முன்பக்கம் மடக்கிப் பார்த்தாள், சரியாக வரவில்லை, பின்பக்கம் மடக்கினாள், அதுவும் அவளுக்குச் சமாதானமாக இல்லை. அப்போதுதான் அவளை எழுப்பி, நுனிவிரலில் நிற்கச் சொல்லி, அவள் குதிகாலைத் தொட்டுக் காட்டினேன். பூநாரையின் காலில் பாதியில் மடங்குகிறதே, அது முட்டி இல்லை, கணுக்கால். நிஜமான முட்டி மேலே, வயிற்றை ஒட்டி, இறகுக்குள் மறைந்திருக்கிறது. பறவை எப்போதும் விரலில்தான் நிற்கிறது. அவள் தன் குதிகாலையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி வரைந்தபோது கால் சரியாக வந்துவிட்டது, நான் ஒரு கோடு கூடத் திருத்தவில்லை. அன்று மிச்ச நேரம் முழுக்க அவளுக்கு ஒரே வேலை, எந்த மிருகத்துக்குக் குதிகால் எங்கே இருக்கிறது என்று தேடுவது. மானுக்குக் கண்டுபிடித்தாள். வெளியே வரும்போது வாசலில் படுத்திருந்த நாய்க்கும் கண்டுபிடித்தாள்.

பூநாரைக் கால்களை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். கால் கிடைத்திருக்கும், கேள்வி கிடைத்திருக்காது. ஓவியர் சில்பி ஒவ்வொரு கோயிலாகப் போய், சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து ஆனந்த விகடனுக்கு வரைந்தாரே, அந்தப் படங்களைச் சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் அந்தக் கோட்டில் தெரியும்.

ஆடாமல் நிற்காத பிராணியை எப்படி வரைவது என்று முன்பொரு முறை கேட்டாய் இல்லையா? ஒரே பக்கத்தில் ஐந்தாறு உருவங்களைத் தொடங்கிவிடு. பிராணி திரும்பினால் அந்த உருவத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. பழையபடி திரும்பி நின்றால், விட்ட இடத்திலிருந்து பிடி. எந்தப் பிராணியும் தனக்குப் பழக்கமான நாலைந்து நிலைகளையே மறுபடி மறுபடி எடுக்கும். பொறுமையாக இருந்தால் எல்லா உருவமும் பாதிக்கு மேல் நிறைந்துவிடும்.

வீட்டில் எல்லோரும் காத்திருக்க நான் மட்டும் வரைவது என்பது இந்தக் கோடையில் நடக்கவில்லை. மற்றவர்கள் எப்படியும் உட்காரும் நேரம்தான் என் நேரம். ரயில், வரிசை, மரநிழல், அப்பா கண்ணயரும் நேரம். இது ஒன்றும் புதிது இல்லை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1520-ல் மனைவி ஆக்னஸோடு நெதர்லாந்துப் பக்கம் பயணம் போனார். மறுவருஷம்தான் திரும்பினார். கையில் ஒரு சின்ன ஸ்கெட்ச் புக், வரைவதற்கு வெள்ளி முனைக் கோல். அதில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. ரைன் நதியில் போப்பார்ட் ஊர் அருகே வரும்போது மனைவியின் முகத்தை வரைந்து, அது எங்கே என்று பக்கத்திலேயே குறித்தும் வைத்திருக்கிறார். பெரிய பெரிய மரச்செதுக்குப் படங்கள் செய்தவர். எனக்கு என்னவோ அந்தச் சின்னப் பக்கம்தான் நெருக்கமாக இருக்கிறது. கணவன் மனைவியாகப் பயணம் போன இடத்தில், எதிரே இருந்தவளை அவர் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

நானும் ரயிலில் அப்பாவின் கைகளை வரைந்தேன். ஓடுகிற ரயிலில் பக்கத்தில் இருக்கிற கம்பமும் மரமும் பென்சிலுக்குப் பிடிபடாது, தூரத்து மலை மட்டும் நமக்காகக் காத்திருக்கும். அது அலுத்துப்போனால் உள்ளே திரும்பிவிட வேண்டும். தூங்குகிறவர்களின் கை நல்ல பாடம். விரல்கள் எல்லாம் ஒரே அளவில் தளராது, சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் அதிகமாக மடங்கியிருக்கும். அப்பாவின் கை முன்பைவிட மெலிந்திருக்கிறது என்பதை வரையும்போதுதான் கவனித்தேன். கவலைப்பட ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மலைக்குப் போனது உச்சியிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க. போய்ச் சேர்ந்தால் ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. அப்போது அவர்களுக்கு டியூரரின் இன்னொரு கதையைச் சொன்னேன். அதே பயணத்தில், கடற்கரையில் ஒரு பெரிய திமிங்கிலம் ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, கடுங்குளிரில் ஸேலாந்து வரைக்கும் அதைப் பார்க்கப் போனார். போய்ச் சேருவதற்குள் அலை அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சின்னவன் உடனே, "அப்போ அவர் என்ன வரைஞ்சார்?" என்றான். வேறு எதையாவது வரைந்திருப்பார் என்றேன். "நாமளும் வேறு எதையாவது வரையலாம்" என்றான்.

பனியைத்தான் வரைந்தோம். கிட்டத்து மரம் கரும்பச்சை, அதற்குப் பின்னால் இருந்தது சாம்பல், அதற்கும் பின்னால் இருந்ததற்குக் காகிதத்தின் வெள்ளையே போதுமாக இருந்தது. தெளிவான நாளிலும் நடப்பது இதுதான், மெதுவாக நடக்கிறது. நடுவில் இருக்கிற காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது. அந்த ஈரத்தில் வாட்டர் கலர் காயவே காயாது என்பதை மறக்காதே. முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைப் போட்டால் இரண்டும் கலந்து ஓடிவிடும். பிள்ளைகள் அந்தக் கலங்கலையே பனி என்று சொல்லிக்கொண்டார்கள், பார்ப்பதற்கும் பனி மாதிரிதான் இருந்தது.

கடலுக்குப் போன அன்று மட்டும் நோட்டை வேண்டுமென்றே வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அலையில் நிற்கிற பிள்ளையின் கையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நீயும் தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போனால் பென்சிலைத் தொடாதே.

ஆனால் அன்று ராத்திரி நடந்ததைக் கேள். மூன்று பேரும் தரையில் படுத்துக்கொண்டு கடலை ஞாபகத்திலிருந்து வரைந்தோம். நான் வழக்கம்போல மனிதர்களைக் கடலுக்குள்ளேயே அடக்கிவிட்டேன். எல்லோர் தலையும் தொடுவானத்துக்குச் சமமாகவோ கீழேயோ இருந்தது. சின்னவன் படத்தில் கடல் கீழே ஒரு பட்டை, தாத்தா அதைத் தாண்டி வானத்தில் நின்றார். அவன் விளையாட்டுக்கு அப்படி வரையவில்லை. தொடுவானம் பார்க்கிறவரின் கண் மட்டத்தில்தான் இருக்கும். குட்டிப் பையனின் கண்ணுக்கு அது தாத்தாவின் இடுப்பருகே இருக்கும், தாத்தாவின் தலை வானத்தில்தான் இருக்கும். அவன் பார்த்ததை அப்படியே வரைந்திருக்கிறான். குழந்தைக்கான புத்தகத்தில் ஒரு பக்கமாவது அந்த உயரத்திலிருந்து வரையப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. உன் பையன் உயரத்துக்கு உட்கார்ந்து உன் வீட்டையே ஒரு தடவை பார். மேசையின் அடிப்பக்கம் எவ்வளவு பெரிய இடம் என்று தெரியும்.

அப்புறம் படிப்பு. மத்தியானம் வெயிலில் எங்கேயும் போக முடியாது, அதனால் மத்தியானம் எல்லாம் புத்தகம்தான். நான் வாசிக்க, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் சாய்ந்துகொண்டு படம் பார்ப்பார்கள். அவர்கள் கதையைக் கேட்க, நான் அவர்கள் கைகளைப் பார்ப்பேன். பக்கத்தைத் திருப்பப் போகும்போது சின்னவன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்வான், "இரு" என்பான். அந்தப் பக்கத்தில் எழுத்தில் சொல்லாத ஏதோ ஒன்று படத்தில் இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு பூனை, ஜன்னலுக்கு வெளியே போகிற யாரோ ஒருவர். எழுத்து சொன்னதையே படமும் சொல்கிற பக்கத்தில் அவன் கை வராது, அவனே திருப்பிவிடுவான். எந்த எடிட்டரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னது இல்லை. படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், அச்சுத் தாளின் மடிப்பில் வருகிற கணக்கு. அதற்குள் இப்படி அவனைப் பிடித்து நிறுத்துகிற பக்கங்கள் எங்கெங்கே என்று முதலில் தீர்மானித்துவிட்டால், மற்றவை தானாக அமையும்.

எனக்காகவும் படித்தேன். ஃபின்லாந்து எழுத்தாளர் டூவெ யான்சன் 1972-ல் வெளியிட்ட நாவல், ஒரு பாட்டியும் பேத்தியும் குட்டித் தீவில் கோடையைக் கழிப்பது. அவரும் ஓவியர், அவருடைய அம்மாவும் ஓவியர். அதில் பாட்டி எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டாள், கூட இருப்பாள், முணுமுணுப்பாள், பேத்தி கேட்டால் யோசித்துப் பதில் சொல்வாள். இரண்டாவது தடவையும் படித்தேன்.

குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் போட்ட இங்கிலாந்துக்காரர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் கதையைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். 1893 செப்டம்பரில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில் டன்கெல்டு என்ற ஊரில் லீவுக்குத் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு 27 வயது. தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் ஐந்து வயதுப் பையன் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறான் என்று அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் நாலு குட்டி முயல்களின் கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்து, நடுநடுவே பேனாவால் படம் போட்டு அனுப்பினார். அந்தப் பையன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். பல வருஷம் கழித்து அதைத் திரும்ப வாங்கி, விரித்து எழுதி, பதிப்பகங்கள் வேண்டாம் என்றதால் 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார். 1902-ல் ஒரு பதிப்பகம் வண்ணத்தில் போட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முயல், பீட்டர் ராபிட், லீவு நாளில், வேலை என்ற நினைப்பே இல்லாமல், படுத்திருந்த ஒரு குழந்தைக்காகப் பிறந்தது. நீ உன் பையனோடு கழிக்கிற மத்தியானங்களைக் கணக்கில் நஷ்டமாக எழுதும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

சாமான் அதிகம் தூக்காதே. உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, தண்ணீர் நிரப்புகிற பிரஷ் ஒன்று. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் இருந்தால் வேண்டிய சாம்பல் எல்லாம் அதிலேயே வந்துவிடும், கூட ஒரு மஞ்சள் போதும். நல்ல வெயிலில் காகிதத்தை நேராக வைத்து வண்ணம் தீட்டாதே. கண் கூசும், வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருட்டியிருக்கும். நிழலில் உட்கார். பையனுக்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடு, உன்னுடையதைப் பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லாதே.

கையில் இருக்கிற புத்தகத்துக்கு ஒன்று செய். லீவு விடுவதற்கு முன்பே எடிட்டருக்கு எழுதி, எந்தத் தேதிக்கு உன்னால் முடியும் என்று சொல்லிவிடு. இப்போதே சொன்னால் அவர்களால் மாற்றி அமைத்துக்கொள்ள முடியும், கடைசி வாரத்தில் சொன்னால் முடியாது. லீவு முழுக்க அந்தக் கதையைப் படம் எதுவும் போடாமல் பையனுக்குச் சத்தமாக வாசி. அவன் எங்கே கேள்வி கேட்கிறான், எங்கே வேறு பக்கம் பார்க்கிறான் என்று ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்துக்கொள். படத்தை அப்புறம் பார்க்கலாம்.

எனக்கும் அந்தக் கதையை அனுப்பு. நீ போட்டு வைத்திருக்கிற ரஃப் எதுவும் இப்போது வேண்டாம், எழுத்து மட்டும் போதும். பெரியவளும் படிக்க வேண்டும் என்கிறாள். "அத்தை எப்ப அனுப்புவாங்க?" என்று போனிலும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் தாமதம் செய்யாதே.

அன்புடன்,
அம்மா