பினாங்குக்கு மீண்டும் போய் வந்தோம்

குளுவாங், ஜொகூர்

அன்புள்ள மகள் மலர்விழிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நலந்தானே? போன வாரம் அப்பாவும் நானும் பினாங்கு சென்று திரும்பினோம். நீ பள்ளியில் படித்த காலத்துக்குப் பிறகு இப்போதுதான் அங்கே போகிறோம். “எல்லாம் மாறிவிட்டதாமே, இனிப் போய் என்ன பார்ப்பது?” என்று தொலைபேசியில் கேட்டாயே, அதற்கு விரிவாகவே பதில் எழுதத் தோன்றியது.

மாறியது உண்மைதான். கார்களைக் கீழ்த்தட்டிலும் நம்மை மேல்தட்டிலும் ஏற்றிக்கொண்டு, தீவுகளின் பெயர்களைத் தாங்கி ஓடிய பழைய பெர்ரி படகுகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்ந்துவிட்டன. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே ஏறலாம். கார்காரர்கள் பாலத்தில்தான் போகவேண்டும். ஆனால் நம்மிடம் என்றைக்குக் கார் இருந்தது? தோட்டத்தில் போனஸ் கிடைத்த ஆண்டுகளில் ரயிலேறி, தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் இறங்கி, பைகளைச் சுமந்துகொண்டு படகுத்துறைக்கு நடந்தவர்கள் அல்லவா நாம்! அந்த வழி இன்றும் இருக்கிறது. படகு நகர்ந்ததும் கொம்தார் கோபுரமும் அதற்குப் பின்னால் கொடிமலை என்னும் பினாங்கு மலையும் எழுந்து வந்தபோது அப்பா பேச்சை நிறுத்திவிட்டார்.

கொடிமலை ரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறுவோமே, 2011-க்குப் பிறகு அது இல்லை. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேராகவே ஏறிவிடுகிறது. முழங்கால் வலியுள்ள அப்பாவுக்கு இது பிடித்திருக்கிறது. எனக்கு, பாதையோரப் பெரணி இலைகளை நீ எண்ணிக்கொண்டே வரும் அளவுக்கு மெல்ல ஊர்ந்த அந்தப் பழைய பெட்டிதான் வேண்டும்.

தண்ணீர்மலைக்கு நான் மட்டும் விடியற்காலையில் ஏறினேன். உன் தம்பிக்கு மொட்டை போட்ட பழைய கோயில் கீழேயே இருக்க, 2012-இல் கும்பாபிஷேகம் கண்ட புதிய பாலதண்டாயுதபாணி ஆலயம் மலையின் மேலே நிற்கிறது. 513 படிகள் என்கிறார்கள். நான் எண்ணவில்லை, மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் நின்று, முருகா என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பின்னர் ஏறினேன். மேலே சென்று திரும்பிப் பார்த்தால் ஊரும் கடலும் ஒருசேரத் தெரிகின்றன. இந்தக் காட்சி நீ அறிந்த பினாங்கில் இல்லை, மகளே. மாற்றத்தால் நாம் இழந்ததை மட்டும் கணக்குப் பார்க்காதே என்று நான் சொல்வது இதனால்தான்.

சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஜெருக் வாங்கினேன். மெல்லிய இழைகளாகச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்தது. முதலில் இனித்து, பிறகு நாவின் ஓரத்தில் காரம் ஏறுமே, அதே சுவை. தபாலில் அனுப்பினால் உங்கள் நாட்டில் தடுத்துவிடுவார்களோ என்று இங்கேயே வைத்திருக்கிறேன்.

தைப்பூசம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குள் வருமானால் அப்போதே வாருங்கள்; அவர்களையும் ரயிலிலும் படகிலும்தான் அழைத்துப் போகவேண்டும். அந்தச் சமயத்தில் ரயில் டிக்கெட்டுகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே மாப்பிள்ளையிடம் கலந்து பேசி, விடுப்புத் தேதியை உடனே தெரிவி. அப்பா ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்து வைப்பார்.

அன்புடன்,
அம்மா