கல்லாவில் இருப்பவரின் வாயைக் கட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் நான் சாமான் வாங்கும் கடையில் போன மாதம் பில் போடும் இடத்துக்கு மேலே புதிதாக ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். 'பில்லிங் ஊழியர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில். கடைப் பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத்தான் அது தலைவலியாகப் போகும். ஆனால் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இதே ஊரில் இன்னொரு கடையில் 11 வருடம் பில் போட்டவள் நான். கால் வலி தாங்காமல் நின்று மூன்று வருடம் ஆகிறது, இப்போது கோட்டையூரில் வீட்டில் இருந்தபடியே ஜாக்கெட் தைக்கிறேன். அந்த 11 வருடத்தில் வரிசையில் நின்றவர்களோடு நான் பேசியதை வீண்பேச்சு என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவோம் என்று நினைக்கிறீர்கள்? "என்ன ஆச்சி, ரெண்டு வாரமா ஆளைக் காணோம்?" "மகன் சிங்கப்பூர்லேருந்து வந்திருந்தான் ஆத்தா, நேத்துத்தான் திருச்சியில போயி ஏத்திவிட்டுட்டு வந்தேன்." அவ்வளவுதான். இதைப் பேசி முடிக்கிற நேரத்தில் துவரம்பருப்பு, ரவை, சோப்பு, தேங்காயெண்ணெய் நாலும் ஸ்கேனரைத் தாண்டியிருக்கும். கை ஓடுவது நிற்காது. பில் போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை.

வரிசை நீள்வதற்குக் காரணம் வேறு. கசங்கிப்போன பார்கோடு ஒன்று பிடிக்கவே பிடிக்காது, நம்பரைத் தட்ட வேண்டும். அலமாரியில் ஒட்டிய விலையும் கம்ப்யூட்டர் விலையும் ஒத்துப்போகாது, உள்ளே ஆளை அனுப்பிக் கேட்க வேண்டும். கார்டு மெஷினுக்கு சிக்னல் வராது. மொத்தத் தொகை சொன்ன பிறகுதான் சிலர் போனையே பையிலிருந்து எடுப்பார்கள், அப்புறம் நெட் வராது, வீட்டுக்கு போன் போட்டு மகனை அனுப்பச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று கவுன்டர் கட்டி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்றைத்தான் திறப்பார்கள். இதில் எதையும் சரிசெய்யாமல் "சாப்டாச்சா அக்கா" என்று ஒரு பெண் கேட்டதால்தான் கூட்டம் தேங்குகிறது என்று போர்டு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

எங்கள் அப்பா சின்ன வயதில் என்னைக் கூட்டிப்போன பலசரக்குக் கடையில் கல்லாவில் இருந்தவர் சிட்டையை வாய்விட்டுப் படிப்பார். "மல்லி அரைக் கிலோ, வரமிளகா கால், வெல்லம் ஒண்ணு, பெருங்காயம் ஒரு டப்பா" என்று ராகம் மாதிரி போகும். வாங்குகிறவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா, ஆமா" சொல்லிக்கொண்டே வருவார், இடையில் ஒன்று தப்பினால் அங்கேயே நிறுத்திக் கேட்பார். அதுதான் அன்றைக்குத் தணிக்கை. இன்றைக்குக் கொடுக்கிற பில்லில் எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறது, பத்து நாள் பையில் கிடந்தால் அதுவும் மறைந்து வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. கானாடுகாத்தானிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற ஒரு ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர்களுக்காக நான் ஸ்கேன் பண்ணும்போதே ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்வேன். ஒருநாள், "ஆத்தா, நல்லெண்ணெய் ரெண்டு சொன்னியே, நா ஒண்ணுதானே எடுத்தேன்" என்றார்கள். பார்த்தால் நான்தான் கை தவறி இரண்டு முறை அடித்திருக்கிறேன். பேசாமல் பில் போட்டிருந்தால் ஒரு பாட்டில் எண்ணெய்க் காசு அவர்கள் கையை விட்டு வீணாகப் போயிருக்கும், எனக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்கழியில் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வரும்போது எங்கள் கடையில் கூட்டம் தாங்காது. 'இழை எடுத்தல்' என்கிற அந்த நோன்புச் சடங்குக்காக ஊருக்கு வருகிற குடும்பங்களில் புதிதாகக் கல்யாணமான பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள், வளர்ந்தது சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும், மாமியார் சொன்ன லிஸ்டை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். அப்படி ஒரு பெண் கவுனி அரிசி பாக்கெட்டைக் கல்லாவில் வைத்துவிட்டு, "அக்கா, இத எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "ராத்திரியே ஊறப் போட்ரு கண்ணு, அந்தத் தண்ணியக் கொட்டாத, அதுலயே வேகவை, நெறம் அதுலதான் இருக்கு" என்றார்கள். அதோடு விடவில்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு தெரியுமா என்று கேட்டு, ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து அது மேலேயே உளுந்தைக் கோபுரமாக் குவி, அதுதான் அளவு என்று கையைக் குவித்தே காட்டினார்கள். அந்தப் பெண் போனில் குறித்துக்கொண்டாள். அதற்குப் பின்னால் நின்ற நாலு பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, ஒருவர் சேர்ந்துகொண்டு சர்க்கரை ஒரு சிட்டிகை போடச் சொன்னார். இது நடந்தது இரண்டு நிமிடம். அந்தப் போர்டு இருந்திருந்தால் அந்தப் பெண் கேட்டிருக்கவே மாட்டாள்.

நம் ஊர்ப் பக்கம் நிலைமை என்ன என்று பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த இவ்வளவு பெரிய வீடுகள், முகப்பில் நுழைந்தால் பின்கட்டு வரைக்கும் நடந்தே போக வேண்டும், உள்ளே இரண்டு பேர். சில வீட்டில் ஒருவர். பிள்ளைகள் வெளிநாட்டில், இல்லாவிட்டால் சென்னையில், பெங்களூரில். அது செட்டியார் வீடுகளில் மட்டும் இல்லை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துக் கிராமங்களில் சின்ன வீடுகளிலும் மகன் துபாயில், மகள் திருப்பூரில் என்றுதான் இருக்கிறது. 2021ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு வயசான அம்மாக்கள் காரைக்குடிக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார்கள், அதை நான் கல்லாவில் நின்றே பார்த்தேன். மாதச் சாமானை ஒரே தடவையில் வாங்கியவர்கள் வாரம் ஒருமுறை வந்தார்கள். கால் கிலோ சீனிக்கு யாரும் பஸ் ஏறி வர மாட்டார்கள் சார். மனுசரைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் ஒரு அறிக்கை வெளியிட்டது, உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் தவிக்கிறார் என்று. நெதர்லாந்து நாட்டில் ஜம்போ என்கிற சூப்பர்மார்க்கெட் இதை யோசித்து 2019ல் ஒரு கடையில் அவசரமில்லாதவர்களுக்கென்றே தனியாக ஒரு கல்லா திறந்தது. கிளெட்ஸ்காசா என்று பெயர், நம் மொழியில் சொன்னால் பேச்சுக் கல்லா. நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம், பின்னால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அது பிடித்துப்போய் 2021ல் 200 கடைகளில் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். அங்கே காசு செலவழித்து புதிதாக உண்டாக்குகிற ஒன்று நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது, அதைப் போர்டு போட்டு நிறுத்துகிறோம்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊர் சொல்ல மாட்டேன். மாதாமாதம் சாமானோடு பெரியவர்களுக்கான டயப்பர் இரண்டு பாக்கெட் வாங்குவார்கள். யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை. நாப்கின், மருந்து, டயப்பர் இதெல்லாம் வந்தால் கண்ணைத் தூக்காமல் ஸ்கேன் பண்ணி முதலில் பைக்குள் வைத்துவிட வேண்டும், பேச்சை மழை வெயில் பக்கம் திருப்ப வேண்டும், இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, தானாக வந்தது. ஒரு மாதம் அந்த அம்மாவின் கூடையில் டயப்பர் இல்லை. மற்ற எல்லாம் பாதி அளவு. நான் அடித்து முடித்தேன், தொகையைச் சொன்னேன், அப்புறம் "வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா, கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் பையைப் பிடித்தபடி, "பதினாலு நாளாச்சு ஆத்தா. கடைக்கு இன்னைக்குத்தான் வந்தேன்" என்றார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு தம்பி போய் வாட்ச்மேன் நாற்காலியை எடுத்து வந்து போட்டார். அன்றைக்கு வரிசை நின்றது உண்மை. ஐந்து நிமிடம் நின்றது. என்னை மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்ததும் உண்மை. திரும்ப அதே நிலை வந்தால் திரும்பவும் அதையேதான் செய்வேன்.

சரி, எல்லாப் பேச்சும் நல்ல பேச்சா என்றால் இல்லை. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். "எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவார்கள், எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும், சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனையும். பதில் கிடைத்ததும் சிலருடைய பேச்சின் மரியாதையே மாறும், 'வாங்க' போய் 'வா' ஆகும். பத்தொன்பது இருபது வயதுப் பெண்களிடம் கல்யாணம் ஆகிவிட்டதா, போன் நம்பர் என்ன என்று கேட்கிற ஆட்களும் உண்டு, அந்தப் பிள்ளைகள் கல்லாவை விட்டு எங்கேயும் போக முடியாது என்று தெரிந்தே கேட்பார்கள். போர்டு மாட்டுவதென்றால் இவர்களுக்கு மாட்டுங்கள். இல்லை, அதைவிட, மேலாளர் எழுந்து வந்து அந்த ஆளிடம் நேராகப் பேசட்டும்.

இன்னொரு வகைப் பேச்சு கடைக்காரர்களே சொல்லிக்கொடுப்பது. "இன்னைக்கு எண்ணெய் ஆஃபர் இருக்கு மேடம், கார்டு போட்டுக்கிறீங்களா மேடம், மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்." ஒவ்வொருவரிடமும் இந்த மூன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேமராவில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு மேல் நான் இதைச் சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் பெண்ணிடம் பேசக்கூட வாய் வராது. இதற்கு மட்டும் வரிசை தேங்காதா? மொபைல் நம்பர் தர மாட்டேன் என்று சொல்கிறவர்களை வற்புறுத்தக்கூடாது என்று 2023லேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்து வெட்டி எடுத்துப்போய் எங்கள் மேலாளரிடம் காட்டினேன், "அதெல்லாம் பெரிய கடைக்கு" என்றார். ஆக, சம்பளத்துக்கு மனப்பாடம் சொல்கிற பேச்சு வேண்டும், மனசிலிருந்து வருகிறது வேண்டாம்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் யாரிடமும் பேச மாட்டாள், கூச்ச சுபாவம். கேட்டதற்குப் பதில், ஒரு சின்னத் தலையசைப்பு. அவளும் நல்ல ஊழியர்தான், பில்லில் தப்பே வராது. அவளைப் பேசு பேசு என்று படுத்தவும் கூடாது. பேச வேண்டியவர் பேசட்டும், வேண்டாதவர் விடட்டும், வாங்க வருகிறவர்களிலும் அப்படித்தான், காதில் ஹெட்போனோடு வருகிற தம்பியை நான் ஒருநாளும் கூப்பிட்டுப் பேசியதில்லை. யாரிடம் பேசலாம், எப்போது நிறுத்தலாம் என்பது எதிரே நிற்கிறவர் முகத்திலேயே இருக்கிறது. அதைக் கல்லாவில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

காலையில் ஒன்பது மணிக்கு நின்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் உட்காருவோம். நரம்பு சுருட்டிக்கொண்டு கெண்டைக்கால் நீலமாகத் தெரியும். இப்படி நிற்கிறவளிடம் சிரித்த முகம் எங்கிருந்து வரும்? கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தமே கொண்டுவந்தார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே 2018ல் வந்துவிட்டது. எங்கள் கடையில் சட்டம் வந்த பிறகு நாற்காலி வந்தது, ஆனால் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், உட்கார்ந்தால் ஒரு பார்வை வரும். கேட்டால், உட்கார்ந்து பில் போட்டால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்றார்கள். எங்கள் ஊரில் முதலாளி கல்லாவில் திண்டு போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துதான் வியாபாரம் பார்த்தார், யாருக்கு மரியாதை குறைந்தது?

இப்போது எல்லாக் கல்லாவிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, போனில் பணம் கட்டினால் இத்தனை ரூபாய் வந்தது என்று அது சத்தமாகச் சொல்கிறது. முன்பெல்லாம் "சில்லறை இருக்கா, ரெண்டு ரூபா அப்புறம் வாங்கிக்கிறீங்களா" என்றாவது ஒரு வார்த்தை இருந்தது, அதுவும் போய்விட்டது. போன வாரம் அந்தப் போர்டு மாட்டிய கடையில் 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கினேன். பில் போட்ட பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், மேலே போர்டைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டி மட்டும் பேசியது.

கடைக்காரர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்தப் போர்டைக் கழற்றுங்கள். கூட்ட நேரத்தில் இரண்டாவது கவுன்டரையும் திறந்துவிடுங்கள். நாற்காலியைப் பில் போடுகிறவர் உட்காரும்படி இழுத்துப் போடுங்கள். முடிந்தால் செவ்வாய், புதன் மாதிரி கூட்டமில்லாத நாளில் காலையில் ஒரு மணி நேரம் வயசானவர்களுக்கென்று ஒரு கல்லாவை ஒதுக்கி, பில்லை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு கடை முன்வந்தால் அந்த ஒரு மணி நேரம் கோட்டையூரிலிருந்து பஸ் ஏறி வந்து சம்பளம் இல்லாமல் பில் போட நான் தயார். உட்கார நாற்காலி மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் பில்லிங் ஊழியர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்)