ராமுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டதா! மொட்டைத் தலையோடு ஒரு படம் அனுப்பு. எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இனிப் படம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பழைய ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படங்களை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இழுத்து இழுத்துப் பேசுகிறவனெல்லாம் நடிகனா?" என்று அவரைப் பற்றி ஹாஸ்டலில் சண்டை போடுவாயே, அதற்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது.

அவருக்குச் சொந்த ஊர் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இண்டியானா என்ற சின்ன ஊர். அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. 1941 பிப்ரவரியில் மகன் வாங்கிய ஆஸ்கர் சிலையை அப்பா கடை ஜன்னலில் வைத்துக்கொண்டார். மகனோ அடுத்த மாதமே ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். எடை போதாது என்று முதலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி போனார். இங்கிலாந்திலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 20 முறை போருக்குப் பறந்தார். சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தவர் 1945இல் கர்னலாகத் திரும்பினார். கூடப் பறந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை.

போருக்கு முந்தைய படம் ஒன்றையும் பிந்தையது ஒன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஐந்தாறு வருஷத்தில் ஒரு முகம் இவ்வளவு மாறுமா, ராமு? அந்தத் துறுதுறுப்பு எங்கேயோ போய்விட்டது.

திரும்பியதும் நடித்த முதல் படம், ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. 1946இல் வந்தது, போட்ட பணம்கூடத் திரும்பவில்லை. அதில் கடனில் மூழ்கிய மனுஷன் மதுக்கடையில் உட்கார்ந்து கடவுளைக் கூப்பிடுகிற இடம் ஒன்று உண்டு. அழ வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. பேசப் பேசத் தானாகவே அழுகை வந்துவிட்டது என்று ஸ்டூவர்ட்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். கேமராவோ தள்ளி நின்றது. அந்த அழுகை இன்னொரு டேக்கில் வராது என்று காப்ராவுக்குத் தெரியும். அதனால் லேபில் உட்கார்ந்து, அந்தக் காட்சியின் ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிதாக்கி க்ளோசப் ஆக்கினார். ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள்!

நான்கு வருஷம் தேக்கி வைத்தது அங்கேதான் உடைந்தது என்று எனக்குப் படுகிறது. அண்ணன் போனபோது உனக்கு அழுகையே வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த ராத்திரிதான் இந்தக் காட்சியைப் பார்த்தேன். உன் ஞாபகமாகவே இருந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வா. சேர்ந்து பார்ப்போம்.

உன்,
சுந்தரம்