தன் கட்சிக்காரரைத் தட்டிக்கேட்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாய்ச்சண்டைகளைத் தொகுத்து அண்மையில் ஒரு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். 2024 மே மாதம் பிரதிநிதிகள் சபையின் குழுக் கூட்டம் ஒன்றில் குடியரசுக் கட்சியின் மார்ஜரி டெய்லர் கிரீன், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த சக உறுப்பினர் ஜாஸ்மின் கிராக்கெட்டின் ஒட்டு இமைமுடியைக் கேலி செய்ததும், கிராக்கெட் அவருடைய உடல்வாகைக் குத்திக்காட்டிப் பதிலடி கொடுத்ததும் அதில் சுவையாகச் சொல்லப்பட்டிருந்தன. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். மின்னசோட்டா மாநிலத்தில் ப்ரூக்ளின் பார்க் நகரில் குடியிருக்கும் எனக்கு வரவில்லை.

2025 ஜூன் 14, சனிக்கிழமை விடியற்காலை. போலீஸ் உடையில் வந்த ஒருவன் எங்கள் ஊரில் வசித்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிஸா ஹார்ட்மனையும் அவர் கணவர் மார்க்கையும் வீட்டிலேயே சுட்டுக் கொன்றான். அதற்குச் சற்று முன்புதான் பக்கத்து ஊரான சாம்ப்ளினில் மாநில செனட்டர் ஜான் ஹாஃப்மனும் அவர் மனைவியும் சுடப்பட்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் பிழைத்தது பெரும்பாடு. வெளியே வராதீர்கள் என்று எங்கள் கைபேசிகளுக்கு எச்சரிக்கை வந்தது. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு யாராவது கதவைத் தட்டினால், அவசர உதவி எண் 911-ஐ அழைத்து உறுதிசெய்துகொண்டு திறங்கள் என்றார்கள். ஆபத்தில் யாரைக் கூப்பிடுவோமோ அவருக்கே கதவைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தோம்.

ஹார்ட்மன் எப்படிப்பட்டவர் என்பதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜனநாயகக் கட்சிக்காரர். ஆறு ஆண்டுகள் சபாநாயகராக இருந்தவர். 2024 தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் இரண்டு கட்சிகளும் ஆளுக்கு 67 இடம் பிடித்தன. ஜூன் முடிவதற்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் மாநில அரசின் வேலைகள் நின்றுபோகும் என்ற நிலை. ஆவணமின்றிக் குடியேறிய பெரியவர்களுக்குக் கிடைத்துவந்த மாநில மருத்துவக் காப்பீட்டை நிறுத்தினால்தான் உடன்பாடு என்றது குடியரசுக் கட்சி. ஹார்ட்மனின் கட்சியே 2023-ல் கொண்டுவந்த சலுகை அது. கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. ஜூன் 9 அன்று அந்தச் சலுகையை நிறுத்தும் மசோதா 68-க்கு 65 என்று நிறைவேறியபோது, அவையில் அவர் கட்சியிலிருந்து அதை ஆதரித்து வாக்களித்தவர் அவர் ஒருவர் மட்டுமே. பிறகு நிருபர்களிடம் பேசுகையில் அழுதுவிட்டார். அந்த வாக்கில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் எதிர்க்கட்சியோடு பேசி முடித்த பேச்சைக் காப்பாற்ற, சொந்தக் கட்சியின் கோபத்தைத் தனியாகத் தாங்க ஒருவர் இருந்தார். ஐந்தாம் நாள் அவர் உயிரோடு இல்லை.

கொலைக்கான காரணத்தை நீதிமன்றம் சொல்லட்டும். யாரோ பேசிய பேச்சுதான் அவனைத் துப்பாக்கி எடுக்க வைத்தது என்று நான் சொல்லவில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது மறுநாள் நடந்தது. யூட்டா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீ, கொலையாளியாகச் சந்தேகிக்கப்பட்டவனின் படத்தைப் போட்டு, மார்க்சிஸ்டுகள் நினைத்தது நடக்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று எக்ஸ் தளத்தில் எழுதினார். எங்கள் ஆளுநரின் பெயரை வைத்து இன்னொரு நக்கல். இறந்தவர்களுக்கு அப்போது இறுதிச் சடங்குகூட நடக்கவில்லை. எங்கள் செனட்டர் டீனா ஸ்மித், ஹார்ட்மனின் தோழி, திங்கட்கிழமை நாடாளுமன்றக் கட்டடத்தில் லீயை நேரில் பிடித்து நிறுத்தி, இது எவ்வளவு வலித்தது தெரியுமா என்று கேட்டார். அடுத்த நாள் பதிவுகள் நீக்கப்பட்டன. கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதைக் கவனியுங்கள். லீயின் சொந்தக் கட்சித் தலைவர்கள் இதைச் செய்திருக்க வேண்டாமா?

நோய் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வசைபாடுகிறவர்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். 1856-ல் அடிமைமுறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரைச் செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் அடித்துச் சாய்த்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸுக்கு, ஊர்க்காரர்கள் புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பிவைத்தார்கள். பதவி விலகியவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தும் அனுப்பினார்கள். அடித்தவரைவிட எனக்கு அச்சம் தருவது அந்த ஊர்க்காரர்கள்தான்.

இன்றும் அப்படித்தான் நடக்கிறது. 2009-ல் அதிபர் ஒபாமா இரு அவைகளின் கூட்டத்தில் உரையாற்றும்போது, "பொய் சொல்கிறாய்!" என்று கத்தினார் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜோ வில்சன். சபை கண்டித்தது. சில நாட்களுக்குள் அவருக்குத் தேர்தல் நிதி பத்து லட்சம் டாலரைத் தாண்டிக் குவிந்தது. 2021-ல் பால் கோசர், சக உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கார்ட்டெஸைக் கொல்வதுபோல் சித்திரித்த ஒரு கார்ட்டூன் காணொளியை வெளியிட்டார். கண்டனத் தீர்மானம் 223-க்கு 207 என்று நிறைவேறியபோது, அவருடைய குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர்கள் லிஸ் சேனியும் ஆடம் கின்சிங்கரும் மட்டும். சேனி அடுத்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் தோற்றார், கின்சிங்கர் போட்டியிடவே இல்லை. கோசர் மீண்டும் வென்று சபைக்குத் திரும்பினார்.

ஜனநாயகக் கட்சியை நான் விட்டுவிடவில்லை. பெரும்பாலும் அவர்களுக்கே வாக்களிக்கிறவன் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்குக் கூடுதலாக உண்டு. வர்ஜீனியாவில் அந்தக் கட்சியின் வேட்பாளராக நின்ற ஜே ஜோன்ஸ், அந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரைச் சுட்டுத்தள்ளுவது பற்றி 2022-ல் அனுப்பிய குறுஞ்செய்திகள் 2025 அக்டோபரில் வெளியாயின. கட்சிப் பெரியவர்கள் வார்த்தைகளைக் கண்டித்தார்கள், வருத்தப்பட்டார்கள், வேட்பாளரை மட்டும் விலகச் சொல்லவில்லை. நவம்பரில் அவர் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாக வென்றுவிட்டார். மன்னிப்புக் கேட்டார் என்பது உண்மை. ஆனால் அதே செய்தியை எதிர்க்கட்சிக்காரர் அனுப்பியிருந்தால் நாங்கள் மன்னிப்போடு விட்டிருப்போமா?

நாடாளுமன்றக் காவல்துறையின் கணக்கைப் பாருங்கள். உறுப்பினர்களுக்கு எதிரான மிரட்டல், அச்சமூட்டும் பேச்சு என்று அவர்கள் விசாரித்தவை 2017-ல் 3,939. 2024-ல் 9,474. இரண்டு கட்சியினருக்கும் வருகின்றன. 2017-ல் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியா நகரில் பேஸ்பால் பயிற்சியின்போது சுடப்பட்டு உயிருக்குப் போராடியவர் குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் ஸ்கலீஸ். ட்ரம்ப்போடு முரண்பட்டு அவரால் துரோகி என்று அழைக்கப்பட்ட பிறகு, மார்ஜரி டெய்லர் கிரீனுக்கே மிரட்டல்கள் வந்தன. 2025 நவம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, நச்சு அரசியலில் பங்கெடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டார். நீங்கள் சிரிப்புக்காக எழுதிய அதே கிரீன். அவர் மனமாற்றத்தை நான் சந்தேகிக்கவில்லை, வரவேற்கிறேன்.

வேறு விதமாகவும் நடக்க முடியும். 2008 அக்டோபரில், இதே மின்னசோட்டாவின் லேக்வில்லில், ஒபாமாவை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற ஜான் மெக்கெய்னின் பிரசாரக் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, ஒபாமாவை நம்ப முடியாது, அவர் அரபியர் என்றார். மெக்கெய்ன் ஒலிவாங்கியைத் தன் கைக்கு வாங்கி, இல்லையம்மா, அவர் நல்ல குடும்பத்தலைவர், எனக்கும் அவருக்கும் இருப்பது கருத்து வேறுபாடு என்றார். அரபியர் என்றால் நல்ல குடும்பத்தலைவராக இருக்க முடியாதா என்று பின்னர் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில், ஒபாமாவைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று சொன்னதற்காகத் தன் ஆதரவாளர்களே கூச்சலிட்டபோதும் அவர் பின்வாங்கவில்லை.

இந்த ஆகஸ்டில் எங்கள் மாநிலத்தில் உட்கட்சித் தேர்தல் வருகிறது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நானும் என் தெருவில் சிலரும் ஒரே ஒரு கேள்வி கேட்பதென்று இருக்கிறோம்: உங்கள் கட்சிக்காரர் ஒருவர் வெறுப்பாகப் பேசியபோது, பெயரைச் சொல்லி எப்போது கண்டித்தீர்கள்? அடுத்த முறை இந்தச் சண்டைகளைப் பற்றி எழுதும்போது, யார் யாரைத் திட்டினார்கள் என்பதோடு, திட்டியவரின் கட்சியில் யார் வாய் திறந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நீண்டகால வாசகர்,
ப்ரூக்ளின் பார்க், மின்னசோட்டா